தாங்கள் எடுத்து வைத்திருக்கும் எஞ்சின் குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். பத்து நாள் முன்பு எழுதியிருந்தால் "காரைத் தவிர" என்று சேர்த்திருப்பேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் கடையில் உள்ள எஞ்சின்கள் அத்தனையும் சுகம்தானே? இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போன் என்றால் தாங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க, சரிங்க" என்பேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். கடிதத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு புகார். கல்யாணப் பேச்சுக்கு நாங்கள் வந்த அன்று தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு வேலைவெட்டி ஒண்ணும் தெரியாது சம்பந்தி, செல்லமா வளர்த்துட்டோம், நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்றீர்கள். நாங்களும் பெரிய மனது பண்ணி எட்டு மாதமாக அனுசரித்து வந்தோம். இப்போதுதான் தெரிகிறது, தாங்கள் எங்களிடம் ஒரு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டீர்கள். படபடக்க வேண்டாம். உட்கார்ந்து மேலே படியுங்கள்.

என் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது ஒரே ஒரு கார் என்பது தங்களுக்குத் தெரியும். அது நின்றால் ஸ்கூல் நின்றது. ஒரு மாதத்துக்கு முன்பு அது சைலன்சர் வழியாக நீலப் புகை விட ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றினேன். ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்று பின்னால் வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மேம்பாலம் ஏறும்போது, ஓட்டப் பழக வந்த அம்மாள் ஒருவர், "சார், நான் இறங்கி நடந்து வரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். மூலைக்கடை மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், மூடினார். "எஞ்சின் போச்சு சார். தூக்கிப் போட்டுட்டு வேற வெச்சிடுங்க" என்றார். பன்னிரண்டு பேருக்கு லைசென்ஸ் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீட்டில் சொன்னால் கலவரமாகும் என்று மொட்டை மாடிக்குப் போய் தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நம்ம கடையில ஒரு எஞ்சின் இருக்கு சம்பந்தி. முழுசாப் பிரிச்சுச் சேர்த்தது. சேர்த்தவர் கை இருக்கே, அது லேசுப்பட்ட கை இல்ல. முப்பது வருஷமா கடை நடத்துறேன், எனக்கே அந்தப் பதம் வராது. ஒவ்வொரு போல்ட்டையும் அளவா முறுக்கி, முறுக்கினதுக்கு அடையாளமா தலையில சிவப்பா ஒரு புள்ளி வெச்சிருக்கார். யாருக்கும் விக்க மனசு வராம துணி போட்டு மூடி வெச்சிருக்கேன். உங்களுக்குன்னா எடுத்துக்குங்க." நான் உடனே, "அந்த மெக்கானிக்கையும் ஒரு நடை அனுப்பி வைங்களேன்" என்றேன். தொண்டையைச் செருமினீர்கள். பிறகு, "இல்ல, அவர் வெளியூர் போயிட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தாங்கள் ஒரு ஆளைப் புகழ்ந்து அன்றுதான் முதல் தடவை கேட்டேன். எஞ்சினை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு கீழே இறங்கினேன்.

இறங்கினால் சமையலறை வாசலில் தங்கள் மகள். "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. தினமும் காலைல நீங்க வண்டிய எடுக்கறப்போ ஜன்னல் வழியா கேக்குறேன். மூணாவது சிலிண்டர் சரியா வேலை செய்யல போலிருக்கு." சம்பந்தி, எட்டு மாதத்தில் அந்தப் பெண் என்னிடம் பேசியது "சாப்பிட வாங்க மாமா", "சட்டை காயுது மாமா" அவ்வளவுதான். "எஞ்சினை மாத்துறதா சரி பண்றதான்னு திறந்து பார்க்காம முடிவு பண்ணாதீங்க. உள்ள விரிசல் இருந்தா நானே மாத்தச் சொல்லிடுவேன்" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஸ்பேனரைத் தொட மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள். பிறகு உள்ளே போய், கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளுக்கு அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த ஸ்பேனர் வரிசையையும், அழுத்தம் பார்க்கும் மீட்டரையும் எடுத்து வந்தாள். தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் எதற்காகக் கூடவே கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. தாங்களும் கேட்கக் கூடாது.

அதற்கப்புறம் நடந்ததை எந்த வரிசையில் சொல்வது என்றே தெரியவில்லை. நாலு சிலிண்டருக்கும் மீட்டர் வைத்தாள். மூன்றாவதில் முள் எழவே இல்லை. அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள், முள் ஏறியது. "அப்போ வால்வு இல்ல மாமா, ரிங்தான் தேஞ்சிருக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விஷயம் கேள்விப்பட்டு வந்து பக்கத்தில் நின்ற மூலைக்கடை மெக்கானிக்கின் முகம் மாறியதைப் பார்த்தேன். "மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியா இருக்கே, அதுக்குள்ள எப்படித் தேயும்?" என்று நான் மடக்கினேன். "கிலோமீட்டர் கம்மிதான். ஆனா இது முதல் கியர்லயே வாழ்ந்த வண்டி மாமா" என்றாள். இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதி என் காதில் ஒரே நேரத்தில் கேட்டது. கார் ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் சங்கிலி கட்டி, நாலு பேர் பிடித்து எஞ்சினை வெளியே தூக்கினோம். அதை மண்ணெண்ணெயில் துடைத்து, நான் பாடம் நடத்துகிற சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினாள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழுமாம். நாங்கள் எல்லோரும் குனிந்து அந்த வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு விழவில்லை. "ரிங், பேரிங், ஒரே ஒரு பிஸ்டன். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இதை ஏன் தூக்கிப் போடணும்?" என்றாள். நான் எத்தனையோ பேருக்கு ஓட்டுவதற்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நிதானமாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரிக்குச் சாப்பாட்டு மேஜையில் பிஸ்டனைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. அது ஒரு மணி நேரம் நீடித்தது, இந்த வீட்டில் அது ஒரு சாதனை. மறுநாள் காலையில் மருமகளுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஒவ்வொன்றையும் இடம் பார்த்துத் தனித்தனியாகக் காகிதத்தில் வைத்திருந்த போல்ட்டுகளை எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்துவிட்டாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். மருமகளோ, "பளிச்சுன்னு ஆயிடுச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து நீளம் பார்த்து, புரி பார்த்து, அரை நாளில் அத்தனையையும் பிரித்து அடுக்கினாள். கோபத்தை அடக்கினாளா, கோபமே வரவில்லையா என்று நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை சம்பந்தி. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி பால் காய்ச்சும் பாத்திரத்தைத் தானே எடுத்து நீட்டினாள். புதுப் பிஸ்டன் வெந்நீரில் கிடந்தது, அதற்குள் செருகும் பின் ஃப்ரீசரில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து தேர்வுத் தேதி கேட்க வந்த ஒருவர் அடுப்பை எட்டிப் பார்த்து, "வேக இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "பதம் வந்தாச்சு" என்றாள் மருமகள். சூட்டில் ஒன்று விரிந்து, குளிரில் ஒன்று சுருங்கியிருக்க, கையாலேயே தள்ளினாள், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மேம்பால அம்மாளும் வந்திருந்தார். கை தட்டினார்.

தங்கள் மாப்பிள்ளைக்கு டார்ச் பிடிக்கிற வேலை. எஞ்சினைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் வெளிச்சம் விழுந்தது. என்னடா என்று பார்த்தால், பையன் பெண்டாட்டியின் முகத்துக்கே அடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறான். நான் திட்டவில்லை. நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சினைச் சேர்க்கும்போது ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி, கணக்குப் பார்த்து, முறுக்கி முடித்ததன் தலையில் தன் நெயில் பாலிஷால் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். "எதை முறுக்கினோம், எதை விட்டோம்னு அப்புறம் சந்தேகமே வராது மாமா" என்றாள். என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு! மூலைக்கடை மெக்கானிக் மறுநாளே கடைக்கு ஒரு பாட்டில் நெயில் பாலிஷ் வாங்கிவிட்டார்.

ஏழாம் நாள் காலை சாவியைத் திருப்பினோம். இருமியது. நின்றது. என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மருமகள் மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் புகை வந்தது, "இது உள்ள தடவின ஆயில், போயிடும்" என்றாள், போய்விட்டது. என் வெள்ளைக் கைக்குட்டையை வாங்கி சைலன்சர் வாயில் பிடித்து எடுத்து என்னிடம் நீட்டினாள். வெள்ளையாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்க அதே கைக்குட்டையைத்தான் பயன்படுத்தினேன்.

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். "முதல் ஆயிரம் கிலோமீட்டர் பக்குவமா ஓட்டணும் மாமா. இரைய விடக் கூடாது. கத்துக்கறவங்க கையில கொடுக்கவே கூடாது." டிரைவிங் ஸ்கூல் காரை! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு அவளே, தினமும் விடியற்காலையில் நூறு கிலோமீட்டர் தானே ஓட்டித் தருவதாகச் சொன்னாள். பழக்க தோஷம், நான் என் இடத்தில், சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று இரண்டாவது பிரேக் வைத்த சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியது தெரியவில்லை. கியர் மாறியது தெரியவில்லை. திரும்பும் இடத்தில், நான் பிரேக்குக்குக் காலைத் தூக்குவதற்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். இருபது வருடமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து பயந்து பயந்து மிதித்த என் வலது கால், அன்று முதல் தடவையாகச் சும்மா இருந்தது. பாதி வழியில் நான் தூங்கிவிட்டேன் சம்பந்தி. இதைவிட ஒரு ஓட்டுநருக்கு நான் என்ன சான்றிதழ் கொடுக்க முடியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூலைக்கடை மெக்கானிக் இரண்டு கார்களைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, "தங்கச்சி பார்த்து, மாத்துறதா சரி பண்றதான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று நிற்கிறார். அவளோ, "மாமா வண்டின்னு தொட்டேன். இனிமே அப்பா சொல்லாம தொட மாட்டேன்" என்கிறாள். பெட்டியை மூடி மறுபடி துணிகளை அடுக்கிவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. எண்ணெய்க் கையோடு இருக்கிற பெண்ணை எந்த வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள் என்று பயந்துதானே அந்த வாக்கை வாங்கினீர்கள்? ஏற்றுக்கொண்டோம். சாப்பாட்டு மேஜை வரைக்கும் ஏற்றுக்கொண்டோம். தயவுசெய்து அந்த வாக்கை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவள் வாக்கு மீறியதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், எனக்குத்தான் போனில் பேச வராது.

ஆகவே தாங்கள் அன்போடு எடுத்து வைத்திருக்கும் எஞ்சின் எங்களுக்கு வேண்டியிருக்காது. மன்னிக்கவும். அதைச் சேர்த்த அந்த வெளியூர் மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், என் மருமகளிடம் வந்து நாலு நாள் பழகிவிட்டுப் போகலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. தங்கள் கடையும் உடம்பும் இரைச்சல் இல்லாமல் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: அவளைப் பற்றிய கடிதம் அவளுக்குத் தெரியாமல் போவது சரியில்லை என்று, உறையில் போடுவதற்கு முன் மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்து வந்தவள், தாங்கள் போனில் அந்த மெக்கானிக்கைப் புகழ்ந்த இடத்தில் நின்றுவிட்டாள். "அப்பாவா இப்படிச் சொன்னார்?" என்றாள். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன் என்றேன். மறுபடி படித்தாள். மூன்றாம் தடவையும் படித்தாள். "மாமா, கல்யாணத்துக்கு முந்தின மாசம் நான் கடைசியாச் சேர்த்த எஞ்சின் அது. முடிச்சுட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துட்டு 'ம்'னு சொல்லிட்டுப் போயிட்டார்" என்றாள். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிவப்புப் புள்ளியை இந்தக் கடிதத்தில் நானே என் கையால் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். சாலையில் இருக்கிற அத்தனை அடையாளத்தையும் ஊருக்கே படிக்கக் கற்றுக்கொடுத்தவன் இதைப் படிக்கவில்லை.

ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மறைத்தீர்கள் என்ற புகாரை வாபஸ் வாங்குகிறேன். எல்லாவற்றையும் சொன்னீர்கள், ஆளை மட்டும்தான் சொல்லவில்லை. எஞ்சின் வேண்டாம் என்றதும் ரத்து. வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், போர்த்திய துணியோடு அனுப்புங்கள், அதற்கு ஒரு கார் தேடிக்கொள்கிறோம். வாக்கு விஷயம் மட்டும் ரத்து இல்லை. அதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கே போன் செய்து சொல்லுங்கள். இந்தத் தடவை "ம்" போதாது.

வெளியூர் போன அந்த மெக்கானிக் இங்கே நலமாக இருக்கிறார். தாங்கள் ரத்த அழுத்த மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னார்.