அணைந்த விளக்கும் அசராத குறட்டையும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் நித்திரைச் சாமியின் கூடத்து வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. தூக்கம் தொலைத்தவர்கள் எல்லாம் அங்கேதான். லாரி ஓட்டுநர், கணக்கு வாத்தியார், ஒரு மாமியார், அந்த மாமியாரால் தூக்கம் தொலைத்த மருமகள் எல்லோருக்கும் ஒரே கூடம், ஆளுக்கொரு பாய். சாமி வாயைத் திறந்தால் போதும், பாதிப் பேர் சாய்ந்துவிடுவார்கள். அற்புதம் என்றார்கள். மூன்று மணி நேரம் ஒரே குரலில் பேசுகிறார் ஐயா; அதைக் கேட்டுவிட்டு ஒருவன் விழித்திருந்தால் அல்லவா அற்புதம்!

சேருவது சுலபம். வெளியேறுவதுதான் சங்கடம். சாமிக்குப் பின்னால் சுவர் நிறையச் சின்னச் சின்ன மின்விளக்குகள். ஆளுக்கு ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச். சொல் மீறிப் போனவரின் விளக்கைச் சாமி அணைப்பார். அணைந்ததோ, அந்த ஆளுக்கு ஆயுளுக்கும் தூக்கம் கிடையாது.

கூட்டத்தில் இருந்த தையற்காரர் ஒருவர் ஒருமுறை விலகிப் பார்த்தவர்தான். அன்றிரவு தூக்கம் வருகிறதா, வருகிறதா என்று காவல் காத்துக்கொண்டே கிடந்தார். அப்படிக் காவல் காத்தால் எந்தத் தூக்கம் பக்கத்தில் வரும்? விடிந்ததும் ஓடிவந்து சாமி காலில் விழுந்தார். விளக்கு மறுபடி எரிந்தது. அவரும் அசந்து தூங்கினார்.

இப்போது அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மகள் கூட்டத்தை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது சாமி உத்தரவு. “போனவள் கதியைப் பாருங்கள், கண் மூடித் தூங்கி ஒரு மாதமாகிறது” என்று உதாரணம் வேறு காட்டினார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யார் கண் மூடினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேத்தி முகத்தைப் பார்க்காமல் மனுஷன் உள்ளுக்குள் உருகினார், பாவம்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் மனைவி கூடத்துக்கு வந்தார். பேருந்தில் நடத்துநர் வேலை; தூங்கி வழிகிற பயணிகளை எழுப்பியே குரல் கனத்தவர். சாமியின் பேச்சு முடிந்திருந்தது. தையற்காரர் கடைசி வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, இவரைப் பேத்தியப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்.”

“தாராளமா. விளக்கு அணையும்.”

“அணைங்க.”

முன்வரிசை திகைத்தது. சாமிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கையை உயர்த்தினார், கண்ணை உருட்டினார், சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது.

எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். குறட்டை நிற்கவில்லை.

“கொஞ்சம் நேரமாகும்” என்றார் சாமி.

“ஆகட்டும், உக்காந்திருக்கேன்.”

நேரம் ஆனது. குறட்டை இன்னும் உச்சத்துக்குப் போனது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“என்ன சாமி, மின்சாரம் அவர் வரைக்கும் எட்டலையா?”

சாமி பொறுமை இழந்தார். “விளக்கு அணைஞ்சது அந்த ஆளுக்குத் தெரியணும்ல! தெரியாம எப்படித் தூக்கம் போகும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

நடத்துநர் அம்மா கணவரை உலுக்கினார். “ஏங்க, எந்திரிங்க. உங்க விளக்க அணைச்சாச்சு.”

அவர் துள்ளி எழுந்தார். “ஐயையோ! இனி எனக்குத் தூக்கமே வராதே!”

கூடமே குலுங்கிச் சிரித்தது.

“அணைச்ச அப்புறமும் இவ்வளவு நேரம் குறட்டை விட்டீங்க. எல்லாரும் கேட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் கேக்கல.”

அவர் சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “பாப்பா யாரு ஜாடை?” என்று கேட்டார். தன் செருப்பைத் தேடப் பொறுமையில்லாமல் யாருடையதையோ மாட்டிக்கொண்டு நடந்தார்.

சிலர் அவர் பின்னாலேயே கிளம்பினார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“பொய்னு தெரியுதும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்? என்னை ‘சாப்பிட்டீங்களா’னு கேக்குறவங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க?”

அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

“கேட்டது அவங்க சார், சாமி இல்ல. அவங்களையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க” என்றார் அம்மா.

வாத்தியார் பாயைச் சுருட்டினார். ஆனாலும் அடுத்த ஞாயிறு அந்த வாசலில் கொஞ்சம் செருப்புகள் கிடக்கத்தான் செய்தன. அவற்றின் சொந்தக்காரர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கண்ணும் உங்களுடையது, தூக்கமும் உங்களுடையது. சுவிட்ச் மட்டும் ஏனய்யா அவர் சுவரில்?