யாரோ படிக்கிறார்கள்

மன்னார்குடித் தாலுகா மக்களின் மேலான கவனத்துக்கு: மனிதகுலம் இதுவரை ஆராய்ந்து எழுதிய அறிவு முழுவதும், சென்ற ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கரண்ட் இருந்த நல்ல நேரத்தில், நம்மூர்க் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது.

வந்த அறிவுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. ஏ.சி. போடப்பட்டது. அது குடியேறிய ஒற்றைக் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு வெல்வெட்டில் அங்கி தைத்துப் போர்த்தினார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துறைத் தலைவரின் கடிதத்தோடு வருகிறவர்களுக்கு நூலகர் பாத்திமா மேரி அங்கியை விலக்கித் தரிசனம் செய்து வைப்பார்.

ஒருவரும் வரவில்லை. அதுதான் வரலாற்றுப் பேராசிரியர் ரெமிஜியஸின் பிரச்சினை.

ஏனென்றால் அவர்தான் 'இணைய நூலகத் தரவுத்தள ஒருங்கிணைப்பாளர்'. வீட்டு வாசல் போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் வாசிக்கத் தரும் கம்பெனிக்குச் சந்தா கட்டியவர் பழைய மாணவர் மதிவாணன். சிங்கப்பூரில் பெரிய வேலை. ஒரு வருடத்துக்குக் கட்டியிருந்தார். தை மாதம் ஊருக்கு வரும்போது மனம் குளிர்ந்து அடுத்த வருடத்துக்கும் கட்டினால் ரெமிஜியஸ் துணை முதல்வர். முதல்வர் ஃபாதர் ஜேசுராஜ் வாயாலேயே சொன்னது. துணை முதல்வர் நாற்காலி சுழலும். ஆள் இல்லாத நேரத்தில் ரெமிஜியஸ் ஏற்கெனவே சுழன்று பார்த்துவிட்டார்.

ஐப்பசியில் ஃபாதர் கூப்பிட்டார்.

"ரெமி சார், கம்பெனிக்காரனுக்கு எழுதி, நம்ம காலேஜ்ல எவ்வளவு படிச்சிருக்காங்கன்னு ஒரு கணக்கு வாங்கிடுங்க. தையில மதிவாணன் வர்றப்ப விழா வெச்சு, மேடையில வாசிச்சுடலாம்."

ரெமிஜியஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். பூஜ்யத்தை மேடையில் எப்படி வாசிப்பது? எந்த ராகத்தில் இழுத்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே.

பதில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இதுவரை படிக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் மூவாயிரத்துச் சொச்சம். சிறிய கல்லூரிகளில் உங்களுக்கே முதலிடம் என்று பாராட்டு வேறு. அதிகம் படிக்கப்பட்ட பொருள்: கப்பலில் ஏற்றும் குளிர்சாதனக் கண்டெய்னர்களின் நிர்வாகம்.

ரெமிஜியஸ் ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே மழை. சம்பா நட்ட வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மாணவர்கள் சைக்கிள் மிதித்துப் போனார்கள். இந்தப் பிள்ளைகளா! பேனாவைக்கூடப் பக்கத்து பெஞ்சில் இரவல் வாங்குகிற இவர்களா, உலகக் கப்பல்களைப் பற்றி இரவு பகலாக வாசிக்கிறார்கள்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பல வருடமாக ஒரே நோட்ஸை வாசித்துவந்த மனிதருக்கு, முதன்முதலாகத் தன் மாணவர்கள்மேல் பயம் கலந்த பக்தி வந்தது.

"கண்டெய்னரா?" என்றார் ஃபாதர். "நம்ம பி.ஏ. பசங்களா?"

"நாகப்பட்டினம் பக்கத்துல இருக்குல்ல ஃபாதர். கடல் காத்து."

"அப்ப அந்த அறிவாளி யாருன்னு புடிங்க. மதிவாணன் கையால பொன்னாடை போத்தணும்."

மறுநாள் வகுப்பில் ரெமிஜியஸ் கேட்டார். "கம்ப்யூட்டர் லைப்ரரியில ராப்பகலா பூந்து எடுத்தது யாரு?"

முன் பெஞ்சுக்காரன் பதறி எழுந்தான்.

"சார், நாங்க அந்த ரூம் பக்கமே போவல சார். ராமாயி அக்காவக் கேட்டுப் பாருங்க, அதுதான் தெனம் பெருக்குது."

"அட, தண்டனை இல்லப்பா. பொன்னாடை!"

எல்லாக் கையும் உயர்ந்தது. அன்று வராதவனுக்கும் சேர்த்து அரசப்பன் இரண்டு கையைத் தூக்கினான்.

"நீ என்ன படிச்ச?"

"எல்லாந்தான் சார்."

ரெமிஜியஸ் நூலகத்துக்குப் போனார். பாத்திமா மேரி வெல்வெட் அங்கிக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"மேரி, நீங்களா படிக்கிறீங்க?"

"ஐயையோ, நான் தூசி தட்டுறதோட சரி சார். வெளியில பிரவுசிங் சென்டர்ல யாராச்சும் படிப்பாங்களா இருக்கும்."

"பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

"ஆரம்ப விழா அழைப்பிதழ்லயே அச்சடிச்சீங்களே சார். உங்க பேருக்குக் கீழ."

அது உண்மை. தன் பெயருக்குக் கீழே ஏதாவது ஒரு வரி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவர்தான் போடச் சொன்னார்.

உடனே ஒரு பொறி வைத்தார். பாஸ்வேர்டை மாற்றினார். அறிவுப் பசி எடுத்தவன் தவித்துப்போய்த் தானாக வந்து நிற்பான் அல்லவா? கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வந்தது ஓர் ஆடு. அதுவும் ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் சிங்கப்பூரிலிருந்து போன்.

"சார், மதிவாணன் பேசறேன். நம்ம லைப்ரரி ஓப்பன் ஆகலயாமே? பசங்க தவிச்சுப் போயிடுவாங்க சார். கொஞ்சம் இன்னைக்கே பாத்துடுங்க, ப்ளீஸ்."

ரெமிஜியஸ் கண் கலங்க முதல்வர் அறைக்கு ஓடினார்.

"ஃபாதர், என்ன மனுஷன்! நம்ம பசங்க படிப்பு ஒரு நாள் நின்னது, கடல் தாண்டி அவருக்குத் தெரியுது. பெத்த தாய்க்குக்கூட இப்படித் துடிக்காது!"

ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாது சார். ஏழை ஊர்க் காலேஜுக்கெல்லாம் பத்துல ஒரு பங்கு விலைதானாம். அந்தச் சலுகையக்கூட அவராத் தேடிக் கண்டுபிடிச்சு, நம்ம பேருல எழுதி வாங்கியிருக்காரு. மொதல்ல பழைய பாஸ்வேர்டப் போடுங்க."

போட்டார். ஆனால் அறிவாளி கிடைக்கவில்லை. தை பிறந்துவிட்டது. கிடைக்காததைத் தயாரிப்பதுதான் வழி என்று ரெமிஜியஸ் முடிவு செய்தார்.

இரண்டாம் வருட வகுப்பில் வானதி இருந்தாள். எதைக் கொடுத்தாலும் நெட்டுருப் போட்டு மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவாள். அதிகம் படிக்கப்பட்ட கண்டெய்னர் கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் ஏதாவது கெட்டுவிடும் என்று பயந்த பாத்திமா மேரி, அது போடாமலே திரையில் தெரிந்ததை அச்செடுத்துக் கொடுத்தார்.

"சார், இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் பரிசு வாங்கினப்புறம் பாத்துக்கலாம்மா."

விழா நாள். மேடையில் மதிவாணன், கோட்டு சூட்டில். முன்வரிசையில் அவருடைய அம்மா பிரகதாம்பாள், பட்டுப் புடவையில். ஃபாதர் அறிவித்தார்: "மூவாயிரம் கட்டுரை படித்த நம் கல்லூரியின் சார்பாக, மாணவி வானதி!"

வானதி கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் பொழிந்தாள். கண்டெய்னருக்குள் வெப்பநிலை, துறைமுகத் தாமதம், இறாலின் ஆயுள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மதிவாணனுக்குப் புரையேறியது. அதே ஏற்ற இறக்கத்தோடு அவள் கடைசி வரியையும் முடித்தாள்: "முழுக் கட்டுரையை வாசிக்க உறுப்பினர்கள் உள்ளே நுழையவும், மற்றவர்கள் முப்பத்தொன்பது டாலர் செலுத்தவும். நன்றி, வணக்கம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மதிவாணன் நெற்றியைத் துடைத்தார். "இந்த... இந்தக் கட்டுரைய ஏம்மா எடுத்த?"

ரெமிஜியஸ் மைக்கைப் பிடுங்கினார். "இது ஒண்ணு மட்டுமில்ல சார்! என்னென்ன படிச்சிருக்குன்னு மொத்தக் கணக்கையும் கம்பெனிக்காரன் எங்களுக்கு அனுப்பிட்டான். எங்களுக்கு எல்லாம் தெரியும் சார்!"

மதிவாணனின் முகம் வெள்ளையாகிவிட்டது. பொன்னாடையை வானதிக்குப் போர்த்தினார். பேச அழைத்தபோது, "மன்னிக்கணும், என்னால பேச முடியல," என்று உட்கார்ந்துவிட்டார்.

சபையே நெகிழ்ந்தது. "பாத்தீங்களா அடக்கத்த!" என்றார் ஃபாதர். இப்படியும் ஒரு கொடை உள்ளமா என்று ரெமிஜியஸ் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆனால் அடுத்த வருடச் சந்தாவைப் பற்றி மனிதர் வாயே திறக்கவில்லை. பந்தியிலும் இலை போடுமுன் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ரெமிஜியஸின் கண்முன்னே நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது. பாயசத் தூக்கைப் பரிமாறுகிறவரிடமிருந்து வாங்கிக்கொண்டு பிரகதாம்பாளின் இலையருகே குனிந்தார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தம்பி அடுத்த வருஷத்துக்கும் கட்டிடுவாரு. எத்தனை பேரு படிப்பும்மா!"

பிரகதாம்பாள் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டார்.

"இனிமே எதுக்கு சார் கட்டணும்? அவந்தான் அந்தக் கண்டெய்னர் படிப்பப் போன மாசமே முடிச்சு, டாக்டர் பட்டம் வாங்கிட்டானே."