நெப்டியூனில் ஐம்பது பேர்

காலையிலேயே நெப்டியூனை மாடு நக்கிவிட்டது.

நக்கியதில் நீலம் போய்விட்டது. கம்பின் உச்சியில், எலுமிச்சம்பழ அளவில், வெறும் பழைய ரப்பர் பந்தாக நின்றது கிரகம். பவித்ரன் மாட்டை விரட்டினார். மாடு நாலடி தள்ளிப் போய், நீல நாக்கைச் சுழற்றியபடி அவரைத் திரும்பிப் பார்த்தது.

"போஸ்ட்மாஸ்டரே, அது விஷமில்லையே?" எதிர்ப்புறத்து ரோட்டோரச் சாப்பாட்டுத் தட்டுக்கடையிலிருந்து கார்த்தியாயனி சேச்சி கத்தினாள். மாடு அவளுடையது.

"இல்ல சேச்சி. துணிக்குப் போடற நீலம்தான்."

"அப்போ இன்னிக்குப் பால் நல்லா வெளுப்பா வரும்."

வாசகசாலையின் வெள்ளிவிழாவுக்காகச் சூரியக் குடும்பத்தையே ரோட்டில் இறக்கியிருந்தார்கள். யோசனை பார்கவன் மாஷுடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாசகசாலைக்கு ஓய்வுபெறாத செயலாளர். வாசகசாலை முற்றத்தில் மூங்கிலும் மஞ்சள் காகிதமுமாக ஆளுயரச் சூரியன். அதற்கேற்ற விகிதத்தில், அதற்கேற்ற தூரத்தில், சாலையோரமாகக் கிரகங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளக்கம் சொல்ல ஓர் உறுப்பினர். பூமி ஒரு கோலிக்குண்டு; முற்றத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். நெப்டியூன் நாலரை கிலோமீட்டருக்கு அப்பால், ரப்பர் தோட்டம் முடிகிற வளைவில்.

புளூட்டோவைப் பற்றிச் செயற்குழு ஓட்டெடுப்பு நடத்தியது. உலகம் எப்போதோ முடித்துவிட்ட விஷயம்தான். ஆனால் உலகம் செயற்குழுவைக் கேட்கவில்லையே. ஒரே ஓட்டில் புளூட்டோ தோற்றது. தோற்ற அணி வெளிநடப்பு செய்து, எதிர்வரிசையில் புதிய வாசகசாலை ஒன்றைத் திறந்து, ஊரில் பாதியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பவித்ரன் அந்தச் சண்டைக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். ஊர் ஊராகத் தபால் ஆபீஸ்களில் குப்பை கொட்டி, கல்யாணம் செய்துகொள்ள மறந்து, சொந்த ஊருக்குத் திரும்பியபோது அவரை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. வீட்டில் அவரோடு பேசுவது குக்கர் மட்டும்; அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். நாலு பேர் 'வா பவித்ரா' என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் வாசகசாலையில் சேர்ந்தார். பூமியைக் கேட்டார்.

"பூமிக்கெல்லாம் சீனியாரிட்டி இருக்கு பவித்ரா" என்று நெப்டியூனைக் கொடுத்தார் மாஷ்.

கொடுத்ததைப் பவித்ரன் உயிராகப் படித்தார். ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். ஒரே ஒருவர் முழுசாகக் கேட்டால்கூடப் போதும் அவருக்கு.

மாஷுக்குப் போன் போட்டார். "மாஷே, நெப்டியூனை மாடு நக்கிடிச்சு."

பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டு அமர்க்களப்பட்டது. "நக்கினா நக்கட்டும்! இங்க விளக்கேத்தியாச்சு, திறப்பு விழா முடிஞ்சாச்சு. இருநூறு பேர் பவித்ரா, இருநூறு! புதன்கிட்ட நெரியறாங்க. சீக்கிரம் நீலத்தைப் பூசு."

பவித்ரனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓடிப்போய்ச் சேச்சியிடம் சொன்னார்.

"இருநூறு பேரா? இந்த வெயில்ல நடந்தா? பசிச்சு வருவாங்களே!" சேச்சி பானையை எட்டிப் பார்த்தாள். பத்துப் பேருக்கான மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அடுத்த தோட்டத்துக்கு ஆள் விட்டு ஒரு சாக்குக் கிழங்கு பிடுங்கி வரச் சொன்னாள். "சும்மா நிக்காம தோலை உரியும், போஸ்ட்மாஸ்டரே. உம்ம விருந்தாளிங்கதானே?"

உரித்தார். கை மரத்துப்போகும்வரை உரித்தார். ரோட்டில் ஒரு நாய்கூட வரவில்லை. மறுபடி போன்.

"கூட்டம் வியாழன்ல நிக்குது" என்றார் மாஷ். "முன்னூறாயிடுச்சு. அங்க விளக்கம் சொல்ற விலாசினி டீச்சருக்குப் பேசிப் பேசித் தொண்டையே கட்டிப்போச்சு, பாவம். அங்க எப்படி?"

"மாடு போயிடிச்சு மாஷே."

"ஆளு?"

"ஆளுங்க... இன்னும் வரல."

மாஷ் பெருமூச்சு விட்டார். "அவ்வளவு தூரத்துல ஒரு ஆளை நிறுத்தணுமாங்கிறதை அடுத்த கமிட்டில வைக்கணும். பந்தைக் கம்பத்துல கட்டிவிட்டாலே போதும்போல."

பந்து போதும், அவர் வேண்டாம். போஸ்ட் ஆபீஸில்கூட யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"இல்ல மாஷே, இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு அம்பது பேர் இருப்பாங்க."

மறுமுனையில் பாட்டின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"அம்பதா?"

"அம்பது. எல்லாம் அடுத்த ஊர்ப் பக்கத்து ஜனங்க."

"போட்டோ எடுத்துக் குரூப்புல போடு" என்றார் மாஷ். குரல் ஏனோ மெலிந்திருந்தது.

சேச்சியையும், அந்த வழியாக வந்த ரப்பர் வெட்டுகிறவர் ஒருவரையும் நிறுத்தினார். மாடு கூப்பிடாமலே வந்து நின்றது. நெப்டியூனைக் கேமராவுக்கு மிக அருகில் பிடித்து, முக்கால்வாசிப் படத்தை அதைக்கொண்டே அடைத்தார். மிச்சத்தில் ஒரு காது, ஒரு ரவிக்கைக் கை, ஒரு வால். 'நெப்டியூனில் அலைமோதும் கூட்டம்' என்று எழுதி அனுப்பினார்.

உடனே போன் அடித்தது. யுரேனஸில் நிற்கும் மத்தாயி.

"பவித்ரேட்டா, உண்மையாவா? இங்க ஒரு ஈ காக்கா இல்ல. வியாழனைத் தாண்டி வந்துட்டிருக்காங்கன்னு மாஷ் சொல்லிட்டே இருக்கார். உங்க கூட்டத்துலேர்ந்து ஒரு பத்துப் பேரை இந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாதா?"

"இப்பத்தான் மத்தாயி எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க."

"சாப்பாடு வேறயா!" மத்தாயியின் குரல் கம்மியது. "என்ன சாப்பாடு?"

"கிழங்கும் மீன் குழம்பும்."

அடுத்து சனி கூப்பிட்டது. அப்புறம் செவ்வாய். பவித்ரன் போனை எடுக்கவில்லை.

கிழங்கு வெந்து, மசிந்து, தேங்காய் சேர்ந்து, அண்டா நிறையக் காத்திருந்தது. சேச்சி இடுப்பில் கை வைத்து ரோட்டைப் பார்த்தாள்.

"எங்க உம்ம இருநூறு பேர்?"

"இப்போ முன்னூறு சேச்சி. நெப்டியூனுக்கு வெளிச்சம் வந்து சேரவே நாலு மணி நேரம் ஆகும்."

"வெளிச்சம் வந்தா கிழங்கு திங்குமா?" முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, என்னதான் அது? வந்தவங்ககிட்டச் சொல்றதை எனக்குச் சொல்லும், கேக்கறேன்."

பவித்ரன் தொண்டையைச் செருமினார். கண்ணாடி முன் ஒரு மாதம் பேசிய பேச்சு, ஆள் முன் வரமாட்டேன் என்றது. "இது... வானத்துல பாத்துக் கண்டுபிடிச்சதில்ல சேச்சி. யுரேனஸ் போற வழியில கோணலாப் போச்சு. அப்போ அந்தாண்ட யாரோ நின்னு இழுக்கணும்னு கணக்குப் போட்டாங்க. கணக்கு சொன்ன இடத்துல பாத்தா, இது நிக்குது."

"அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமயே நின்னுதா?"

"தெரியாமயேதான்."

"துணைக்கு?"

"நிறைய நிலா உண்டு. பெருசு ஒண்ணு, அது எதிர்த்திசையில சுத்தும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். போற வரைக்கும்" என்றாள் சேச்சி. எழுந்து போய் மீன் குழம்பை இன்னொரு தடவை சூடாக்கினாள். முழுப் பேச்சும் இன்னும் பாக்கியிருந்தது.

சாயங்காலம் மாஷ் கூப்பிட்டார். ஒலிபெருக்கிப் பாட்டு இல்லை. மூச்சு வாங்கியது.

"பவித்ரா, அந்த அம்பது பேர் இருக்காங்களா?"

"இ... இருக்காங்க."

"யாரையும் விட்டுடாதே. பிடிச்சு வை. நான் வந்துட்டிருக்கேன்."

முன்னூறு பேரோடு மாஷ் வருகிறார். முன்னூறு பேர் முன்னால், ஐம்பது பேர் எங்கே என்று கேட்கப்போகிறார். பவித்ரன் நடுரோட்டில் நின்று ஒரு பஸ்ஸை மறித்தார். "பத்து நிமிஷம் இறங்குங்க! சாப்பாடு இருக்கு!" என்று கத்தினார். டிரைவர் அவருடைய தாய் தகப்பனை விசாரித்துவிட்டு ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார். கம்பைப் பிடுங்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிடலாமா என்று பார்த்தார். மாடு வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்போது ஹார்னை அமுக்கியபடி, மீன் பெட்டி கட்டிய மொபெட்டில் வந்து நின்றான் ஹம்ஸ. டவுன் பக்கமிருந்து இந்த ரோடு முழுக்க மீன் விற்றுக்கொண்டு வருகிறவன். காலியான பெட்டியோடு வளைவை, தட்டுக்கடையை, அண்டாவை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"கூட்டம் எங்க பவித்ரேட்டா?"

"வழியில பாக்கலியா ஹம்ஸ? முன்னூறு பேர், மாஷோட?"

"முன்னூறா?" ஹம்ஸ சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான். "காலைலேர்ந்து வாசகசாலைப் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல, ஒத்தை ஆளாப் பாட்டைப் போட்டு வச்சுக்கிட்டு தூரத்துக் கிரகத்துக்கெல்லாம் போன்ல கூட்டம் காட்டிட்டிருந்த நம்ம மாஷ், உங்க அம்பது பேரைப் பாக்கணும்னு சூரியனைத் தலையில தூக்கிக்கிட்டு நடந்து வர்றார், வழியில தனியா நின்ன ஏழு கிரகமும் சாப்பாடு உண்டான்னு கேட்டுக்கிட்டே பின்னாடி வருது!"