டிரெய்லரில் பறந்த கார்கள்

அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள்: என் அக்கா. பெண்ணின் அப்பா மாணிக்கம். பெண்ணின் அம்மா. பெண்ணின் தம்பி லோகேஷ். நான். பெண் கீதா சமையலறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

இடம் ஜோகுபாளையம். நான் பெண் பார்க்கப் போயிருந்தேன். வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் மூன்று வீட்டில் 'பையன் வாயே திறக்கல' என்று வேண்டாம் சொல்லிவிட்டார்கள். (திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லியிருப்பார்கள்.)

பஸ்ஸிலேயே அக்கா சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு நாலு வார்த்தை பேசுடா. உனக்காகப் பேசிப் பேசி என் தொண்டை போச்சு. இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே நீயே தேடிக்க."

"சரி" என்றேன். மிச்சம் மூன்று.

ஐந்து மணிக்குப் பெண் வருவாள் என்று பார்த்தால் டிரெய்லர் வந்தது. மாணிக்கம் ஒரு நடிகருக்கு ரசிகர் மன்றம் நடத்தியவர். (எந்த நடிகர் என்று எழுத மாட்டேன். இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறேன்.) "ரெண்டே நிமிஷம். முடிஞ்சதும் காபி" என்று சொல்லி டி.வி.யைப் போட்டார்.

லோகேஷ் விசிலடித்தான். மாணிக்கம் எழுந்து நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எப்படி மாப்ளே?"

மாப்ளே என்றார். அக்கா என் முதுகில் கிள்ளினாள். பேசு என்று அர்த்தம்.

நான் பீன்யாவில் ஒரு பட்டறையில் கடைசி செக்கிங் பார்ப்பவன். எட்டாம் வகுப்போடு சேர்ந்த வேலை. போன பீஸ் எத்தனை, வந்த பீஸ் எத்தனை. பொருந்தாவிட்டால் பெட்டியை மூடக்கூடாது. கண் எதைப் பார்த்தாலும் எண்ணும். கதை எதுவும் மனதில் ஏறவில்லை.

"ஏழு கார் பறந்துச்சு" என்றேன். "ஆறுதான் கீழ வந்துச்சு."

மிக்சர் தட்டை நீட்டிய அம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எங்க?" என்றும் கேட்டுவிட்டேன். (திறந்த வாயை மூடும் பழக்கம் எனக்கு இல்லை.)

"என்ன குரு! டிரெய்லர் சக்கத்தா இருக்கு, நீ கார் எண்ணிட்டு உக்காந்திருக்க!" என்றான் லோகேஷ். (இந்த ஊர்க் கன்னடத்தில் எல்லாரும் குரு; சக்கத்து என்றால் பிரமாதம்.)

மாணிக்கத்தின் குரல் இறங்கியது. "முப்பது வருஷமா அவர் படம் பாக்கறேன். அவர் மூஞ்சிய பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன். ஒன்பது தடவ திரும்பினாரு."

அக்கா கைப்பையை எடுத்தாள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"அப்பா, ஏழு இல்ல. எட்டு."

சமையலறை வாசலில் கீதா காபித் தட்டோடு நின்றாள். "பாலம் உடையற எடத்துல, புகைக்குப் பின்னாடி ஒண்ணு. அதுவும் கீழ வரல. லோகேஷ், திரும்பப் போடு."

போட்டான். புகையில் நிறுத்தினான். இருந்தது. வெள்ளைக் கார். பதினெட்டு வருஷ செக்கிங்கில் என் கண்ணுக்குத் தப்பிய முதல் பீஸ்.

"கரெக்டு" என்றேன். ஒரு பெண்ணைப் பார்த்து நான் சொன்ன முதல் பாராட்டு.

"உனக்கும் இந்த வியாதியாம்மா?" என்றார் மாணிக்கம் மகளிடம்.

"ரெண்டு காரு மேலயே நிக்குது. அவர் கேட்டதுல என்னப்பா தப்பு? எனக்கு இவர் சரி."

மாணிக்கம் உட்கார்ந்தார். டி.வி.யைக் காட்டினார்.

"படத்துல இறங்கிடும்" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தப் படத்துக்குக் குடும்பத்தோடு போனோம். (இறங்கவில்லை.) சொந்தக்காரர்கள் இன்றும் என்னைக் கண்டால் வானத்தைக் காட்டிச் சிரிக்கிறார்கள். புது டிரெய்லர் வந்தால் மாமனார் போன் செய்வார். நல்லா இருக்கா என்று கேட்பதில்லை. "எத்தனை?" என்பார்.

நேற்று ஒன்று வந்தது. நான் பன்னிரண்டு என்றேன். கீதா திரும்பப் போடச் சொன்னாள்.

பதிமூன்று.