பவுடர் கட்டிய புடவை

காலரா ஆஸ்பத்திரியாக மாறிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அன்று இருந்தவர்கள்: ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, பாயில் சுருண்டு கிடந்த பன்னிரண்டு பேர், அவர்களில் ஒருவராக என் நைனா, நான், அப்புறம் பவுடர். காலராவே பார்த்துப் பயந்த ஒரே மனிதர் பவுடர்தான்.

திருப்பதித் தெருக்களில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறவர். லீவு போட்டுவிட்டு, பாகாலா பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குத் தொண்டு செய்ய வந்தார். படித்த பையன்களெல்லாம் மெட்ராஸ் கம்பெனிகளுக்குப் போய்விட்ட சமயம். உதவிக்கு மிச்சமிருந்தது ஆறாங்கிளாசோடு நின்ற நான்தான். எனக்கும் வயிறு கலக்குவதுபோலவே இருக்கும். பவுடர் என் தலையில் ஒரு பிடி தூவி, "போடா, கிருமி செத்துட்ச்சு" என்பார். ஜீப்பில் வந்த அதிகாரியின் கறுப்பு பூட்ஸ்கூட அவர் கையால் வெளுத்தது.

அன்று குளுகோஸ் பாட்டில் தீர்ந்துபோனது. இனி உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான். ஊர்க் கிணற்றிலோ, மருந்து போட்டும், காலரா குடியிருந்தது. நல்ல தண்ணீர், ஊரிலேயே பம்ப்செட் வைத்திருந்த மோட்டார்க்காரரின் நிலத்து போர்வெல்லில் மட்டும்தான். அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டார். டாக்டரே போய்க் கேட்டும், "நோவு புடிச்ச கொடம் எங் கொல்லையில வரக்கூடாது" என்று அனுப்பிவிட்டார். நைனாவின் கண்கள் குழிக்குள் போய்விட்டிருந்தன.

பவுடர் எழுந்தார். "யம்மா, ஒரு பொடவ குடு."

"இன்னாத்துக்குய்யா?" என்றார் நர்ஸம்மா.

"மனுசனா போய் கேட்டாச்சு. ஆத்தாவா போறேன்."

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டி வேஷம் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவர் பதில் பேசக்கூடாது. பேசினால் அம்மனையே எதிர்த்ததாகும். பவுடர் வருஷம் தவறாமல் வேஷம் போடுகிறவர்.

நான் குறுக்கே போய் நின்றேன். "ஜாத்திரைக்கு இன்னும் எத்தினி மாசம் கீது! சாமி குத்தம் ஆயிடும்!"

"நோவு வரக்கூடாதுன்னுதானே ஜாத்திரை? நோவு சொல்லிக்கினா வந்துச்சு? ஆத்தா மட்டும் நாள் பாத்துக்கினு ஒக்காந்துனு இருக்கணுமா?"

மீசையும் மஞ்சளும் குங்குமமுமாக மோட்டார்க்காரர் வாசலில் போய் நின்றார்.

"டேய் புளிச்ச மூஞ்சி! பூமிக்குள்ள ஓடற தண்ணிய உங்கொப்பனாடா கொடத்துல கொண்டாந்து ஊத்தினான்?"

மீதியை இந்தப் பத்திரிகை அச்சிடாது. மோட்டார்க்காரர் வாயைத் திறந்தார். அவர் மனைவி ஓடிவந்து அதைப் பொத்தினார். "ஒத்தண்டி, வேணாங்க! அம்மனுக்கு எதுருபேச்சு பேசாதீங்க!" என்றவர், பவுடரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஷெட் சாவியை அங்கேயே வைத்தார்.

புடவையை அவிழ்க்க நேரமில்லை. அப்படியே தண்ணீர் சுமந்து, உப்பும் சர்க்கரையும் கலக்கி, நைனாவை மடியில் சாய்த்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். சாயங்காலம் நைனா கண் திறந்து அந்த மீசையைப் பார்த்தார்.

"யார்ரா இந்தம்மா?"

"நம்ம ஊட்டு ஆளுதான் நைனா" என்றேன்.