அர்ஜுனன் பெயரை விழுங்கிய கார்டு

பட்டியலில் கோபால் பெயர் இருந்தது. அர்ஜுனன் பெயர் இல்லை.

ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை அர்ஜுனன் மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"எலிசபெத்து, என் பேரு எங்கம்மா?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எலிசபெத் நகத்தைப் பார்த்தாள். பொன்னேரியில் டைப்பிங் படித்த பெண். தச்சு வேலை செய்பவரின் மகள்.

"சொன்ன பேரையெல்லாம் அடிச்சேண்ணா."

"அப்போ மெஷின்தான் முழுங்கிடுச்சு."

"அம்மா தேடுவாங்க, நான் வரேன்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வகுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டில் பெயர் இருந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியும். இல்லையென்றால் ஏரி முழுக்க இறால் துள்ளினாலும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்கவேண்டும்.

அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று ஊரிடம் சொன்னவனே அர்ஜுனன்தான். ஊர்ப் பெரியவர் பொன்னுரங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாட்டில் பாத்தியதை உள்ளவன் கை அந்த மெஷினில் படக்கூடாது. ஏரியில் பங்கில்லாத வீட்டுப் பிள்ளைதான் அடிக்கவேண்டும். பெரியவர்கள் கோயிலில் பெயர்களைச் சொல்வார்கள், எலிசபெத் குறித்துக்கொண்டு வந்து அடிப்பாள். அர்ஜுனன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அதனால் தன் பெயரைத் தானே அடித்துக்கொள்ள வழியில்லை.

கம்ப்யூட்டர் அவன் வீட்டுக்கு வந்த கதை அவன் மனைவி லோகாம்பாளுக்கு மட்டும்தான் தெரியும். பொன்னேரிப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் இரண்டு வருஷம் கணக்குப் பார்த்தான். முறை வரும் நாளில் லீவு போட்டுவிட்டு ஏரிக்குப் போவான். எண்பத்தெட்டாம் வருஷம் கம்பெனியை மூடினார்கள். சம்பளப் பாக்கிக்குப் பதில் முதலாளி ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்.

ஊரில் அர்ஜுனன் வேறு மாதிரி சொன்னான். "கம்பெனி எனக்கு வூட்டுலயே ஆபீஸ் போட்டுக் குடுத்துக்குது. பிரமோஷன்."

ஷூ போட்டுக்கொண்டு பஸ் ஏறியவனுக்கு, வேலை போனவன் என்று பேர் வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. மானத்தை வைத்துக்கொண்டு லோகாம்பாள் கஞ்சி காய்ச்ச முடியாது என்பது வேறு விஷயம். இனி பாடு ஒன்றுதான் கதி. அதில்தான் பெயர் இல்லை.

"வேலை போச்சுன்னு ஊருல சொல்லிடேன்யா" என்றாள் லோகாம்பாள்.

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்? இது மெஷின் கோளாறு. கோபாலு பேரு புதுசா உள்ள வந்துக்குது. இடம் பத்தாம என் பேரு வெளிய போயிடுச்சு."

கோபாலுக்குப் போன மாதம்தான் கல்யாணம். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாட்டில் இடம் கேட்கும் உரிமை. கையில் வலையும் கிடையாது, படகும் கிடையாது, பாவம்.

மறுநாள் அர்ஜுனன் பொன்னேரி போய் மதராஸுக்கு ரயில் ஏறினான். பழவேற்காட்டு மக்பூல் பாய் ரிச்சி தெருவில் உதிரி பாகக் கடையில் இருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"மொத்தம் எத்தினி பேரு?"

"ஊருல தலைக்கட்டு நூறுகூடத் தேறாது பாய்."

"உன் டிஸ்க்குல ஒரு ஜில்லாவையே அடக்கலாம்பா!"

"அப்புறம் என் பேரு மட்டும் எப்படிப் போச்சு?"

வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர் தாடியைத் தடவினார். "அப்போ கன்ட்ரோலர் கார்டுதான். டிஸ்க்குல எழுதறது, படிக்கறது எல்லாம் அதான். கார்டு சரியில்லேன்னா எது வேணா காணாமப் போவும்."

கண்ணாடி அலமாரியிலிருந்து மூன்று கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளூரில் பொருத்தியது, மலிவு. இன்னொன்று அதே டிஸ்க்கில் ஒன்றரை மடங்கு அடைக்கும். மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு. பாய் அதைத் துணியால் பிடித்துத்தான் காட்டினார்.

அர்ஜுனன் மலிவானதை எடுத்தான். லோகாம்பாளின் காதில் கிடந்தது அதற்குச் சரியாகப் போயிற்று.

ஊர் திரும்பியதும் பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சொன்னான். "பெரியப்பா, மெஷின்ல சின்னக் கோளாறு. என் பேரு வுழல. கார்டு மாத்திட்டா வந்துடும்."

பொன்னுரங்கம் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருமினார். "மாத்திப் பாருப்பா. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதே."

"மெஷின் பண்ணதுக்கு மனசுல இன்னா வெச்சிக்கப் போறேன்!"

அவன் சிரித்துக்கொண்டே போனதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கார்டைச் செருகியதும் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்றது கம்ப்யூட்டர். ஒரு பெயர் போயிருந்த இடத்தில் இப்போது ஊரே போய்விட்டது. பழவேற்காடு தபாலாபீஸிலிருந்து அர்ஜுனன் டிரங்கால் போட்டான்.

"அப்படித்தான்பா" என்றார் மக்பூல் பாய். "புது மருமக வந்தா மாமியா வெச்ச டப்பாவையெல்லாம் கழுவிக் கவுத்துட்டுதான் அரிசி கொட்டுவா. பழைய கார்டு எழுதினது புதுக் கார்டுக்குப் புரியாது. டிஸ்க்கைக் கழுவிட்டு மறுபடி அடி."

மறுபடி பெரியவர்கள் கோயிலில் கூடினார்கள். எலிசபெத் மறுபடி அடித்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. கோபால் இருந்தான். அர்ஜுனன் இல்லை.

"என் பேரு அடிச்சியாம்மா?"

"சொன்னதையெல்லாம் அடிச்சேண்ணா" என்றாள் எலிசபெத். அவள் கண் கலங்கியிருந்தது. தன் கஷ்டத்துக்கு அழுகிறாளே, எவ்வளவு நல்ல பெண் என்று அர்ஜுனன் நினைத்துக்கொண்டான்.

இடம் பற்றவில்லை என்ற தன் முடிவில் அவனுக்கு இப்போது துளிகூடச் சந்தேகமில்லை. ஒன்றரை மடங்கு கார்டுதான் வேண்டும். அதற்கு விற்க வீட்டில் வலை ஒன்றுதான் இருந்தது.

"வலையை வித்துட்டுப் பாட்டுக்கு எத்த எடுத்துனு போவே?" என்று லோகாம்பாள் வாசலை மறித்தாள்.

"பேரு இருந்தா வலைய வாடகைக்கு வாங்கலாம்டி. பேரே இல்லாத வலைய வெச்சிக்கினு கொசுவா புடிக்கறது?"

வலையைக் கோபால் வாங்கிக்கொண்டான். மாமனாரிடம் கடன் வாங்கி வந்த பணத்தை நீட்டினான். "அண்ணா, நெசமாவே தரியா?" என்று இரண்டு முறை கேட்டான்.

"எடுத்துனு போடா. எனக்குக் கார்டு முக்கியம்."

ஒன்றரை மடங்கு கார்டு முதல் நாள் ஒழுங்காக வேலை செய்தது, அர்ஜுனன் பெயர் மட்டும் அதிலும் இல்லை. மறுநாள் அச்சடித்த பட்டியலில் பாதிப் பெயர்கள் கட்டமும் புள்ளியுமாக மாறிவிட்டன. தன் பெயர் இருந்த இடத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சி வந்திருப்பதைப் பார்த்த ஒரு கிழவர், செய்வினை என்று கத்திக்கொண்டு வீடு ஏறி வந்துவிட்டார். பாதி ஊர் அர்ஜுனன் வாசலில் நின்றது.

அர்ஜுனன் கும்பிட்டான். "யாரும் கவலப்படாதீங்க. உங்க பேரெல்லாம் திரும்ப வந்துடும். போனா என் ஒருத்தன் பேரோட போவட்டும்."

கத்திய கிழவரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இவ்வளவு மரியாதை எதற்கு என்று அர்ஜுனனுக்கு விளங்கவில்லை. படித்தவனுக்கு ஊர் தருவது என்று எடுத்துக்கொண்டான்.

இனி வெளிநாட்டுக் கார்டுதான். படகில் தனக்கு இருந்த பங்கையும் கோபாலுக்கே விலைக்கு எழுதிக் கொடுத்தான். இந்தத் தடவை கோபால் அவன் காலைத் தொட வந்தான். அர்ஜுனன் தடுத்துவிட்டான். லோகாம்பாள் பக்கத்து வீட்டில் அரிசி கேட்கப் போயிருந்தாள்.

மூன்றாவது கார்டு குறை சொல்ல முடியாத கார்டு. அச்சடித்த எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. கோபால் இருந்தான். அர்ஜுனன் இல்லை.

அவன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேலை போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

பாடு தொடங்கிய அன்று காலையில் அவன் கம்ப்யூட்டரைக் கழற்றி, பாகங்களைப் பாயில் பரப்பி வைத்திருந்தான். அடுப்பு எரியவில்லை. கோபால் ஒரு கூடையோடு உள்ளே வந்தான். கூடையில் வெள்ளை இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

"மொத பாட்டுல வந்தது அண்ணா. உனக்குக் குடுத்துட்டுதான் விக்கணும்னு எட்தாந்தேன்."

அர்ஜுனன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெச்சிட்டுப் போடா. டிஸ்க்குலயே கோளாறுனு நெனைக்கறேன். அத்த மாத்திட்டா அடுத்த வருஷம் என் பேரும் வந்துடும்."

கோபால் கூடையை வைத்துவிட்டு, இந்தத் தடவை தடுப்பதற்குள் காலில் விழுந்துவிட்டான்.

"எங்கிட்டகூட ஏண்ணா மெஷின் மேல பழிய போட்ற? உனக்குத்தான் பிரமோஷன் ஆயிடுச்சே, வூட்ல அடுப்பெரியாத கோபாலுக்கு உன் பாட்டைக் குடுத்துடலாம்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டு, உன் மூஞ்சியப் பாத்து சொல்ல வாய் வராம எல்லாரும் முழிச்சுனு இருந்தோம். நீயா தெரிஞ்சிக்கினு வலையும் குடுத்து, படகும் குடுத்தே பாரு, அந்த மனசு யாருக்குண்ணா வரும்?"