கொழும்பு விமானத்துக்குத் துண்டு போட்டவர்

ஆளே இல்லாத இடத்தில் ஆளை உட்கார வைக்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருச்சி ஜங்ஷனில் இருந்தார். நம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், எனக்கு நஷ்டமில்லை. நானும் ரொம்ப நாள் நம்பாதவன்தான்.

அவரை எல்லோரும் துண்டு என்றுதான் கூப்பிட்டோம். வீட்டில் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, இரண்டு தோளிலும் அடுக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார். எல்லாம் உறையூர்த் தறியில் நெய்த சிவப்புக்கரைத் துண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஜவுளிக்கடையே நடந்து வருவது மாதிரி இருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு பயண ஏற்பாட்டு ஆபீஸில் குமாஸ்தா. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்கு எழுதுவார்கள். எந்த விமானத்தில் வந்து இறங்கினால் எந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தக் கணக்கு என் உயிரை வாங்கியது. விமானம் சொன்ன நேரத்துக்கு வராது. வந்தால் தடுப்பூசிச் சீட்டைப் பார்க்கிற டாக்டர் சாப்பிடப் போயிருப்பார். அவர் வந்த பிறகு சுங்கக்காரர் பெட்டியைக் கவிழ்த்து, வாசனை சோப்பை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். அதுவும் முடிந்து வெளியே ஓடிவந்தால் டாக்சிக்காரன் என்ஜினுக்குத் தண்ணீர் தேடிப் போயிருப்பான். வருஷமெல்லாம் தாமதமாக ஓடுகிற ரயில் அன்றைக்கு மட்டும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். திட்டு எனக்கு விழும்.

ரயில் கிடைத்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே. மூன்றாம் வகுப்பில் துண்டு போட்டவனுக்குத்தான் இடம். அதற்குத்தான் நம் ஆள். வண்டி யார்டில் நிற்கும்போதே ஏறி, விமானத்தில் வருகிறவருக்காக ஜன்னலோரத்தில் துண்டு விரித்துவிடுவார். வந்தவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். வராதவருடைய துண்டை, வண்டி நகர்வதற்குள் உள்ளே பாய்ந்து எடுத்துவிடுவார்.

துண்டு போடுவது ஊரே செய்கிற காரியம். அவர் போட்ட முறைதான் வேறு. முதலில் பயணியின் பெயரைக் கேட்டுக்கொள்வார். துண்டை உதறி விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி கை கூப்புவார்.

"வாங்க மீனாட்சியம்மா. உட்காருங்க. கூஜாவைக் கீழ வெச்சுக்குங்க. வெயில் அடிச்சா ஷட்டரை இறக்கிக்கலாம்."

மீனாட்சியம்மாள் அந்த நேரத்தில் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்.

"யோவ், யாருகிட்டய்யா பேசறீரு?" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

"மெதுவா, தம்பி. அம்மா பயந்துக்கப் போறாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வண்டி பிளாட்பாரத்துக்கு வந்ததும் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் அந்தப் பெட்டியில் ஏறினார். இரண்டு பேர் இடத்தை ஒருவராக அடைக்கிற உடம்பு. அடுத்தவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்காருகிற ரகம். குனிந்தவர் அப்படியே நின்றார். காலி இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் நகர்ந்துக்குங்கம்மா" என்றார். சற்று நேரம் காத்திருந்தார். "சரி, பரவால்ல, இருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். நான் இதைக் கண்ணால் பார்த்தேன். உச்சி வெயில். ஆனாலும் முதுகில் யாரோ தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது.

கடைசி நிமிஷத்தில் உண்மையான மீனாட்சியம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார். கான்ஸ்டபிளுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"நீங்க எப்பம்மா கீழ எறங்கினீங்க? நான் வழியிலதானே நிக்கிறேன்!"

"நான் இப்பத்தானே வரேன்?" என்று உட்கார்ந்த அம்மாள் துள்ளி எழுந்தார். "சீ! யாரு உட்கார்ந்துட்டுப் போனது? இடம் சூடா இருக்கு!"

"நீங்கதாம்மா" என்றார் துண்டு, ஜன்னல் வழியாக.

வண்டி கிளம்பிவிட்டது. அந்த அம்மாள் உட்கார்ந்து போனாரா, நின்றே போனாரா, எனக்குத் தெரியாது.

வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு கொழும்புக் குடும்பம் வந்தது. ஸ்ரீரங்கம் கூப்பிடு தூரம். அதற்கும் பெட்டியில் வரிசையாகத் துண்டு விரித்தார். அவர்களோ விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் போய்விட்டார்கள். கூட்டத்தில் நசுங்கிய மனிதர் கீழே இறங்க முடியாமல் ஸ்ரீரங்கம் வரை போய், துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். வாசலில் டிக்கெட் கலெக்டர் தடுத்தார்.

"உம்ம டிக்கெட் இருக்கட்டும். கூட வர்றவங்க டிக்கெட் எங்கய்யா?"

துண்டு திரும்பிப் பார்த்தார். கலெக்டரும் பார்த்தார். பின்னால் ஒரு ஈ காக்காய் இல்லை. கலெக்டர் கதவை அகலத் திறந்துவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸில் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி நடந்தது. கொழும்பு வியாபாரி ஒருவருக்காகத் துண்டு போட்டு, பெயர் சொல்லி உபசரித்துவிட்டுக் கீழே இறங்கினார். உடனே ஒரு கல்லூரிப் பையன் ஏறி அந்தத் துண்டின் மேலேயே சப்பென்று உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டு வேர்க்கடலை தின்றான். துண்டுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அவரு வரமாட்டாரு, தம்பி."

"பிளேனே இன்னும் எறங்கல. வாயை மூடும்" என்றேன்.

விமானம் வந்தது. வியாபாரி வரவில்லை. காலையில் குளிக்கப் போன இடத்தில் விழுந்து உயிர் போய்விட்டதாம். அன்று முதல் அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் எரிச்சல் என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் முறை வந்தது.

கும்பகோணத்தில் அப்பாவுக்கு முடியவில்லை. பேச்சு குழறிக் கிடந்தது. ஒரே ஒரு சொல்தான் தெளிவாக வந்தது: "பாரு." பாரு என்பது என் அக்கா பார்வதி, கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். தந்தி கொடுத்தோம். மத்தியான விமானத்தில் வருகிறேன் என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டவன் என் அக்காவுக்கும் போட்டேன். சாயங்கால வண்டியைப் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கும்பகோணம். அதை விட்டால் விடிந்துதான். அப்பா விடியும்வரை இருக்க மாட்டார் என்று டாக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் யார்டுக்குள் நுழைந்து துண்டைத் தேடினேன்.

"எங்கக்கா வருது. இடம் போடணும்."

"பேரு?"

"பார்வதி."

அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. புதுத் துண்டாக ஒன்றை எடுத்து விரித்தார். "வாம்மா பார்வதி. உட்காரு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, நீ போய்ச் சேருற வரைக்கும்" என்றார். நான் அப்பாவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விமானம் தாமதம். தடுப்பூசி டாக்டர் தாமதம். சுங்கக்காரர் அக்காவின் பெட்டியைக் கிளறினார். "எங்கப்பா சாகக் கெடக்கறாருங்க" என்று அவள் அழுதாள். "எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க" என்றார் அந்த மகானுபாவர். அவர் இன்று எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டாக்சியில் பறந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டைத் தாண்டிப் போன வண்டி நாங்கள் பிடிக்க வேண்டிய வண்டிதான்.

ஆனாலும் ஜங்ஷனுக்குள் ஓடினோம். காலிப் பிளாட்பாரத்தில் துண்டு நின்றார். தோளில் அந்தப் புதுத் துண்டு இல்லை.

"துண்டு எங்கய்யா?"

"எடுக்கல தம்பி. பெட்டி முழுக்க நெரிசல். ஆனா ஒருத்தர் கிட்ட வரல. அவங்க பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வரச்சொல்லி உட்கார வெச்சவங்களை எப்படி எழுப்பறது?"

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். என் பக்கத்தில் அக்கா நின்று அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார், ரயில் போன பக்கம் ஒருமுறை பார்த்தார். இரண்டு பேரையும் எண்ணிச் சரிபார்க்கிற மாதிரி. நான் சட்டையை விட்டுவிட்டேன்.

பஸ் பிடித்து, அது வழியில் படுத்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"என்னைப் பார்க்காமலே போயிட்டீங்களேப்பா" என்று அக்கா விழுந்து அழுதாள். எங்கள் சித்தப்பா அவளைத் தூக்கி நிறுத்தினார். பருமனான மனிதர், எங்கே போனாலும் முதலில் உட்கார இடம் தேடுகிறவர்.

"கேளு பாரு. நேத்து வெளக்கு வெச்ச நேரம், அண்ணன் நல்லாக் கண்ணைத் தொறந்தாரு. கட்டில்ல சுவரோரமா நகர்ந்து இடம் விட்டாரு. 'வந்துட்டியா பாரு, உட்காரு'ன்னாரு. தெளிவா, பழைய குரல்ல. அதுக்கப்புறம் ஒரு தவிப்பும் இல்ல. தூங்கற மாதிரிதான் போனாரு."

"நீங்க ராத்திரியெல்லாம் பக்கத்துல இருந்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன்? இடம்தான் விட்டாராமே?"

சித்தப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னமோடா. அங்க உட்காரத் தோணல. யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு."

அக்கா உள்ளே போய்க் காலிக் கட்டிலின் விளிம்பில் கையை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். சுவரோரம், அப்பா படுத்திருந்த பக்கம், ஜில்லென்று இருந்தது. விளிம்பு மட்டும் சூடாக இருந்தது.

காரியங்கள் முடிந்து திருச்சிக்குத் திரும்பினேன். துண்டு யார்டில் யாரையோ உபசரித்துக்கொண்டிருந்தார்.

"உம்ம துண்டு போனது போனதுதான்" என்றேன். எனக்குப் பேசத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

"போகட்டும். அக்காவுக்கு இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஜங்ஷன் பார்க்க அழுதிருப்பேன்.

சில வருஷம் கழித்து அவர் வருவது நின்றுபோனது. ஸ்ரீரங்கத்தில் போய் விசாரித்தேன். போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். "பேரு என்னங்க?" என்று கேட்டேன். அங்கேயும் துண்டு என்றுதான் சொன்னார்கள்.

இப்போதும் ரயில் ஏறினால் ஜன்னலோரம் பிடித்து, ஒரு துண்டை உதறி விரிக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். "வாங்க துண்டு, உட்காருங்க" என்கிறேன். பிறகு நின்றுகொண்டே போகிறேன். இந்த வயதில் கால் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.